உளிக்கு வெள்ளம் காட்டினேன்

அன்புள்ள கிளீட்டஸ் அண்ணனுக்கு,

இப்படித் தொடங்கியதைப் பார்த்தாலே நீ சிரிப்பாய். அன்பையும் உன்னையும் ஒரே வரியில் நான் எப்போது எழுதினேன்? நீ வளைகுடாவில் மீன்பிடிக்கப் போயிருந்த இரண்டு வருஷமும் போனில் நாம் ஏசிக்கொண்டதுதான் மிச்சம். ஏலே என்று தொடங்குவாய், சரி வை என்று முடிப்பேன். இப்போது நம் பங்குக் கோவில் இதழில் கல்லறைத் திருநாளுக்காக, இறந்துபோனவர்களுக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். உன் பெண்டாட்டிதானே எழுத வேண்டும் என்று மைனியிடம் கேட்டேன். உங்க அண்ணனுக்கு நீயே எழுது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மரவேலைப் பெட்டியைத் திறந்தோம். இழைப்புளி, மூன்று உளி, கைரம்பம், மூலைமட்டம், எல்லாவற்றிலும் இருந்த கிரீஸைத் துடைத்தது நான். துடைத்துக் கெடுத்ததும் நான்தான். அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

கோட்டாற்றில் அந்தப் பெட்டியை வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கிறதா? நானும் கூட வந்தேன். கடைக்காரர் மூடியைத் திறந்ததும், உள்ளே எல்லாம் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது. ரம்பத்தில் மட்டும் வார்னிஷ் அடித்த மாதிரி ஒரு பளபளப்பு. யாரோ பாவித்த பழைய சாமானைத் தலையில் கட்டுகிறான் என்று உன் காதில் சொன்னேன். அது அவருக்கும் கேட்டுவிட்டது.

“தம்பி, இது கப்பல்ல வாற சாமானாக்கும். கடக்காத்து திங்காம இருக்கப் பூசி விடுகது. வேலைக்கு எடுக்கும்ப தொடச்சாப் போரும்” என்றார்.

நீ அந்த உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். “கடல்ல போறதுக்கு நம்மளயும் இப்படிப் பூசி விட்டா கொள்ளாம்” என்றாய். கடைக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மோந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தாய்.

கடலை விட்டுவிடுவதாக மைனிக்கு நீ வாக்குக் கொடுத்திருந்தாய். தொழிலுக்குப் போகாத நாளெல்லாம் கருங்கல் ஊரில் இருக்கிற தச்சுப் பட்டறைக்குப் போய் எட்டு மாசம் வேலை பழகினாய். அங்கே பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி, இனி உனக்க சாமானத்தோட வா என்று சொன்ன மறுநாள்தான் கோட்டாற்றுக்குக் கிளம்பினோம். அடுக்களைக்குச் சன்னல் செய்ய ஒரு அயினி மரப் பலகையும் வாங்கிச் சுவரில் சாத்தி வைத்தாய். உன் முதல் வேலை நம் வீட்டுச் சன்னல்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். சன்னலுக்கு விட்ட ஓட்டையில் மைனி கட்டிய தார்ப்பாய் இன்றைக்கும் அப்படியே தொங்குகிறது. இரண்டு தடவை கிழிந்தது, இரண்டு தடவையும் புதிது கட்டினோம்.

வீட்டில் வந்து கால் இஞ்சு உளியை மட்டும் துடைத்தாய். பழைய பனியனை மண்ணெண்ணெயில் முக்கி நீ துடைத்த பக்குவத்தைப் பார்த்து மைனி, “பிள்ளைய ஒருநா இப்படிக் குளிப்பாட்டினதுண்டா?” என்று கேட்டார். நீ அந்த உளியால் முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டினாய். மற்றதையெல்லாம் தொடக்கூடாது என்றாய். வேலைக்குப் போகிற அன்றைக்குத்தான் துடைக்க வேண்டுமாம், துடைத்துச் சும்மா போட்டால் ஒரே நாளில் துருப்பிடித்துவிடுமாம். அந்தக் கால் இஞ்சு உளியை உன் பையில் போட்டுக்கொண்டாய். நீ வழக்கமாகப் போகிற போட்டில் ஐஸ் பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை, செதுக்கி விடலாம் என்றாய்.

ஆனால் கடைசியாக நீ ஏறியது நீ போக வேண்டிய போட்டே இல்லை. ஆள் கணக்கில் இருந்தது என் பேர். நான்தான் விடியற்காலையில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து, பல்வலி உயிர் போகிறது அண்ணா என்றேன். ஆள் குறைந்தால் போட்டை ஓட்டுகிற ஸ்ராங்கு கடலுக்கு எடுக்கமாட்டார், எல்லாருடைய தொழிலும் போகும். பையை எடுத்தாய். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “வீங்கவே இல்லியேலே” என்றாய். அதுதான் நீ என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை.

அண்ணா, என் பல்லுக்கு அன்றைக்கு ஒரு கேடும் இல்லை.

முந்தின நாள் ஸ்ராங்கு, வலை சிக்கியதற்காகத் துறைமுகத்தில் அத்தனை பேர் முன்னால் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏசியிருந்தார். அவர் மூஞ்சியில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான் காரணம். நீ போன பிறகு நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். பத்து மணிக்கு எழுந்து பழஞ்சோறு தின்றேன், கருவாடு சுட்டுக் கடித்துத் தின்றேன். மூன்றாம் நாள் காற்று அடித்தது. போட்டில் போன ஒருவரும் வரவில்லை. இரண்டு பேருடைய உடல் கிடைத்தது. அதில் நீ இல்லை.

வீங்கவில்லையே என்று நீ சொன்னபோது உனக்குத் தெரிந்துதான் இருந்ததா? தெரிந்தும் ஏன் பையை எடுத்தாய்? இந்தக் கேள்வியை நான் யாரிடம் போய்க் கேட்பது?

உடல் கிடைத்த வீட்டுக்காரர்கள் அழுதார்கள், அடக்கினார்கள், கல்லறை கட்டினார்கள். நம் வீட்டில் அடக்க ஒன்றும் இல்லை. மைனி கறுப்பு உடுக்கவில்லை. உன் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். முதல் வருஷம் சாரல் தொடங்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, “ராபினு, எஞ்சினுக்குப் போடுக கிரீஸ் கொஞ்சம் கொண்டா” என்றார். எதற்கு என்று கேட்டேன். பெட்டிக்குள் பழைய பூச்சு காய்ந்து விரிசல் விட்டிருக்கிறதாம். கொண்டு போய்க் கொடுத்தேன். உளி உளியாக எடுத்து, பழைய பூச்சுக்கு மேலேயே அப்பினார். நாலு உளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் காலியாகக் கிடந்தது. அந்தப் பள்ளத்திலும் விரலை விட்டுக் கொஞ்சம் தடவினார்.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் இதுதான். கடல்காற்று அந்த வீட்டில் எதை விட்டுவைத்தது? கட்டில் கம்பி, கதவுக் கொண்டி, தையல் மெஷின், எல்லாம் இற்றுப்போயிற்று. உன் பெட்டியில் மட்டும் ஒரு பொட்டுத் துரு இல்லை. மைனி உன்னைப் பற்றிப் பேசும்போது வருவாரு என்றும் சொல்வதில்லை, செத்துட்டாரு என்றும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

ஏழு வருஷம் கழிந்து, காணாமல் போனவர்களுக்கு சர்க்கார் தருகிற அந்த இறப்புக் காகிதம் வந்தது. உன் பேர், அப்பா பேர், இறந்தார் என்று முத்திரை போட்டு. மைனி அதைப் படித்துப் பார்த்து மடித்து, பெட்டிக்குள்ளேயே வைத்தார். பிறகு ஒருநாள் நான் கரைக்கு வந்து வலை இறக்கிக்கொண்டிருந்தபோது அங்கேயே வந்துவிட்டார். நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“ராபினு, உங்க அண்ணன் செத்துப்போனாரு. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி கொண்டு போவாவ. எனக்குக் கொண்டுபோய் வைக்க ஒரு எடம் இல்ல. ஒரு குருசு நாட்டணும். அவியளுக்க சாமானத்துல, அவிய வேங்கின பலகயில செய்யணும். அந்தக் கிரீஸ நீ தொடச்சுத் தா.”

செத்துப்போனாரு. அந்த வார்த்தையை மைனி வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். வலையைப் போட்டுவிட்டு நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. ஏழு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷி மூச்சை விட்டாரே என்று இருந்தது. அதற்கு என்னைக் கூப்பிட்டாரே என்றும் இருந்தது. உன் விஷயத்தில் ஒரே ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

கருங்கல் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஒரு மாசம் கழித்து அவரே வந்து அந்தச் சிலுவையைச் செய்து தருவதாகச் சொன்னார், உன் சாமானத்திலேயே. “நீ தொடச்சு மட்டும் வை. மண்ணெண்ண விட்டுத் தொட, காஞ்ச துணி வச்சுத் தொட, ஒடனே எண்ணெ தடவிரு. வெள்ளம் மட்டும் காட்டாத, கேட்டியா?” என்றார். கேட்டேன் என்றேன். தண்ணீரே படக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் கேட்டேன் என்றேன்.

போன சனிக்கிழமை காலையில் கொல்லையில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். ஏழு வருஷத்து கிரீஸ் அண்ணா, அடுக்கு அடுக்காக இருந்தது. மேலே மைனி போட்டது கறுப்பு, அடியில் கப்பலில் வந்தது பழுப்பு. மூங்கில் சிராயால் வழித்தேன், தேங்காய் நாரை மண்ணெண்ணெயில் முக்கித் தேய்த்தேன், இழைப்புளியின் வாய்க்குள் ஈர்க்கு விட்டுக் கிண்டினேன். ரம்பத்தின் வார்னிஷ் மண்ணெண்ணெய்க்கு அசையவில்லை. ஃபைபர் வள்ளத்துக்கு ஓட்டை அடைக்கும்போது துடைக்கிற அசிட்டோன் கொஞ்சம் கிடந்தது, அதைத் தொட்டதும் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே இரும்பு புதுச் சாளை மீன் மாதிரி மின்னியது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாகிறது. மைனி அடுக்களை வாசலில் நின்று பார்த்தார். தார்ப்பாயை விலக்கிவிட்டு, பிறகு அந்த ஓட்டை வழியாகவும் பார்த்தார்.

எல்லாம் முடிந்தது. காய்ந்த துணியை எடுத்திருக்க வேண்டும். தேங்காயெண்ணெயைக் கூட மைனி கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

என் கை வாளியை எடுத்தது.

நீயே சொல், எஞ்சினைக் கழற்றினால் நாம் முதலில் என்ன செய்வோம்? நல்ல வெள்ளம் விட்டுக் கழுவுவோம். வலையைக் கழுவுவோம், டார்ச் லைட்டைக் கழுவுவோம், கத்தியைக் கழுவுவோம். வெள்ளம் காட்டாமல் எதையாவது வீட்டுக்குள் கொண்டு வந்தால் அம்மா விளக்குமாற்றை எடுப்பாளே. பிறந்ததிலிருந்து பழகிய கை, அண்ணாச்சி இரண்டு தடவை சொன்னதையா கேட்கும்? சோப்புப் பொடி போட்டு, கிணற்றிலிருந்து இரண்டு வாளி இறைத்து, ஒவ்வொன்றாகக் கழுவினேன். நம் கிணறு உப்புக் கரித்துப் போய் எத்தனை வருஷமாகிறது என்பதும் அந்த நேரத்தில் புத்தியில் இல்லை.

மறைக்காமல் சொல்கிறேன், உன்னைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது. மற்ற வீடுகளில் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, தலை சீவி அனுப்பினார்கள். எனக்கு உன்னில் ஒரு விரல்கூடக் கிடைக்கவில்லை. இழைப்புளியின் முதுகைத் தேய்த்துக் கழுவியபோது வாய்விட்டு, இந்தா ஆச்சு அண்ணா, ஆச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கழுவி, சாக்கில் வரிசையாக வெயிலில் காய வைத்தேன். மைனி சோறு போட்டார். நெத்திலி அவியலும் மரச்சீனிக் கிழங்கும். வயிறு நிறையத் தின்றுவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். அன்றைக்கும் இப்படித்தான் தூங்கினேன் என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் காவி. உளி, ரம்பம், இழைப்புளியின் வயிறு, ஒன்று பாக்கியில்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “எடுபட்ட பயலே, வெள்ளம் காட்டாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?” என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு, “சரி, போட்டும், மேல் துருதான். உப்புத்தாள் வச்சுத் தேச்சாப் போவும். நான் வரும்ப கொண்டாரேன்” என்றார்.

ஆக, துரு போகும் அண்ணா. உன் சாமானம் செத்துப்போகவில்லை. அதை நீ மனசில் வைத்துக்கொள்.

மைனி காப்பித் தம்ளரோடு வந்தார். சாக்கைப் பார்த்தார். தம்ளரை என் கையில் தந்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவினார். விரலில் காவி ஒட்டியது. ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மைனி, இது மேல் துருதான். அண்ணாச்சி தேச்சுத் தருவாரு. திருநாளுக்கு முந்தி குருசு ஆயிரும். எனக்குக் கை மறந்து போச்சு மைனி, பழக்க தோஷத்துல...” என்று என்னவெல்லாமோ சொன்னேன்.

மைனி என் மூஞ்சியைப் பார்த்தார். கோபம் இல்லை. சந்தையில் மீன் கெட்டதா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“ராபினு, அன்னைக்கு ஒனக்கு எந்தப் பல்லு வலிச்சு?”

ஏழு வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை. நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்தப் பல்லும் வலிக்கல என்று மூன்று வார்த்தை. அதற்கும் இந்த வாய் வரவில்லை. விரலை வாய்க்குள் விட்டு, இடது பக்கம் கீழே கடைவாய்ப் பல்லைக் காட்டினேன்.

மைனி குனிந்து அந்தப் பல்லைப் பார்த்தார்.

“அன்னைக்கு நீ வலத்த கன்னத்தப் பொத்திட்டு நின்ன” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து உள்ளே போய் கிரீஸ் டப்பாவை எடுத்து வந்தார். துருவுக்கு மேலேயே அப்பத் தொடங்கினார். துடைக்கவில்லை, தேய்க்கவில்லை. நான் கையைப் பிடித்தேன், மைனி வேண்டாம், தேச்சுட்டுப் போடலாம் என்றேன். என் கையை விலக்கிவிட்டார். இழைப்புளி, உளி மூன்று, ரம்பம், மூலைமட்டம், கடைசியில் அந்தக் காலிப் பள்ளம். பெட்டியை மூடினார்.

“அவிய வந்து பாத்துக்கிடட்டும்.”

வருவாரு என்று அவர் சொல்லி நான் கேட்டதும் இதுதான் முதல் தடவை. ஒரு மாசம் உன்னைச் சாக விட்டிருந்தார் அண்ணா. தன்னையும் கொஞ்சம் பிழைக்க விட்டிருந்தார். எனக்குத் தெரிந்து அந்த ஒரு மாசம்தான் அவர் ஒழுங்காகத் தூங்கினார், தலைக்கு எண்ணெய் வைத்தார். நான் ஒரு பல்லைக் காட்டி அதையும் கெடுத்தேன். அவர் இனி எதை நம்பி உன்னைப் புதைப்பார்? நீ ஏன் போனாய் என்பதே பொய் என்று ஆகிவிட்டால், நீ வரமாட்டாய் என்பது மட்டும் எப்படி நிஜமாகும்?

அண்ணாச்சியை வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அயினிப் பலகை சுவரிலேயே சாத்தியிருக்கிறது. குருசும் ஆகவில்லை, சன்னலும் ஆகவில்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் திரி கொளுத்துவார்கள். மைனி போன வருஷங்களைப் போலவே கோவில் வாசலில் நிற்பார். நான் அவருக்குக் கொஞ்சம் தள்ளி நிற்பேன். அந்தக் கால் இஞ்சு உளி உன் பையிலேயே இருந்ததா? அதில் பூச்சு ஒன்றும் இல்லையே. உன்மேலும் இல்லை. இந்நேரம் அது என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் என்னால் ஒரு வாய் வெள்ளம் குடிக்க முடியவில்லை.

இந்த இதழ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் கொடுப்பார்கள். மைனி ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள், உனக்குத் தெரியும். ஊரும் படிக்கும். உன் பிள்ளையும் படிக்கும். அவர்கள் முன்னால் வாய் திறந்து சொல்லத் துணிவில்லாமல்தான் உனக்கு எழுதுகிறேன் என்று நீ நினைத்தால், அது சரிதான். இதைப் படித்தபின் மைனி என்னை மன்னிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குருசு கேட்பார் என்றும் நினைக்கவில்லை. என்னைப் படியேற விடாமல் போனாலும் அது நியாயம்தான்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். அன்றைக்குப் பூசை முடிந்ததும் ஓடமாட்டேன். மைனி கையில் இதழோடு வரும்வரை வாசலில் நிற்பேன். மறுபடி அதே கேள்வியைக் கேட்டால் விரலைத் தூக்கமாட்டேன். வாயைத் திறந்து காட்டுவேன், முப்பத்திரண்டும் அப்படியே இருக்கிறது, அவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு பல்லும் வலிக்காத உன் தம்பி,
ராபின்